மேதைகள் பட்டியலில் பெண்கள் எங்கே?

கேள்வி: என் மகள் கணிதத்தில்தான் பட்டம் படிப்பேன் என்கிறாள். "கணித மேதைகள் எல்லாம் ஆண்கள்தானே, பெண்களுக்கு அந்த மூளை கிடையாது" என்கிறார் அவள் சித்தப்பா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என்ன சொல்வது?

பதில்: பட்டியலில் ஆண்கள்தான் அதிகம், அதுவரை சித்தப்பா சொல்வது சரி. காரணம் மூளைதானா என்பதற்கு 1890-ஆம் ஆண்டின் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே முதலிடம் பெறுபவரை 'சீனியர் ராங்ளர்' என்பார்கள். பெண்கள் தேர்வு எழுதலாம், ஆனால் தரவரிசையில் இடம் கிடையாது. அவர்களுடைய முடிவைத் தனியாக வாசிப்பார்கள். அந்த வருடம் ஃபிலிப்பா ஃபாசெட்டின் பெயர் வந்தபோது, 'சீனியர் ராங்ளருக்கும் மேலே' என்று வாசிக்க வேண்டியதாயிற்று! சரி, பட்டம் கொடுத்தார்களா? இல்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்தது 1948-இல். ஃபிலிப்பா இறந்ததும் அதே வருடம்தான்.

ஜெர்மனியின் எம்மி நோத்தர் 1907-இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் உழைத்தார். அப்புறம் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில், கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளை இவர் எடுத்தார். 1918-இல் இவர் வெளியிட்ட தேற்றம் இல்லாமல் இன்றைய இயற்பியலே கிடையாது.

இவர்களுக்கு வீட்டுத் துணையும் இருந்தது. நோத்தரின் அப்பா கணிதப் பேராசிரியர். ஃபிலிப்பாவின் அம்மா பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர். ரஷ்யாவின் கணித மேதை சோஃபியா கோவலெவ்ஸ்கயாவோ வெளிநாடு போய்ப் படிப்பதற்காகவே பெயருக்கு ஒரு கல்யாணம் செய்துகொண்டார். அந்த வழியும் கிடைக்காதவர்கள் எத்தனை பேரோ! அதனால் சித்தப்பாவுக்குப் பதில் சொல்லும் வேலையை மகள் தலையில் கட்டாதீர்கள். அவள் இருக்கும்போதே நீங்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. கல்லூரிக் கணிதம் பள்ளிக் கணக்கு மாதிரி இருக்காது. நிரூபணங்கள் ஆரம்பத்தில் பலரைத் திணறடிக்கும். முதல் செமஸ்டரில் மதிப்பெண் குறைந்தால், "அப்போதே சொன்னேனே" என்ற குரல் கட்டாயம் வரும். 2014-இல், கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வென்ற முதல் பெண் மர்யம் மிர்சாகானிகூடப் பள்ளியில் ஒரு வருடம் கணிதத்தில் சுமார்தான். ஆசிரியர் திறமை இல்லை என்று நினைத்ததில் ஆர்வமே போய்விட்டதாம். அடுத்த வருடம் வேறு ஆசிரியர் வந்தார், நிலைமை மாறியது. எனவே மதிப்பெண்ணைப் பார்த்துப் பயப்படாமல், நன்றாகச் சொல்லித்தரும் ஒருவரைத் தேடிக் கொடுங்கள்.