பெயரை மறைத்துப் படித்தால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் ஊரைப் பற்றிய கட்டுரை ஒன்றை ஆய்விதழுக்கு அனுப்ப இருக்கிறேன். எங்கள் துறையில் ஐந்து ஆய்விதழ்களைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு. அதில் வந்தால்தான் மதிப்பு. தரம் இருந்தால் எங்கிருந்து எழுதினாலும் மேலே வந்துவிடும் என்கிறார் என் நண்பர். அது உண்மையா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

பாதி உண்மை. அங்கே வருபவை பெரும்பாலும் நல்ல கட்டுரைகளே. ஆனால் நல்ல கட்டுரைகள் எல்லாம் அங்கே போய்ச் சேர்வதில்லை.

வாசல் எவ்வளவு குறுகலானது என்பதைப் பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஸ்டெஃபானோ டெல்லாவின்யாவும் 2013இல் கணக்கெடுத்தார்கள். 1990க்கும் 2012க்கும் இடையில் இந்த ஐந்து இதழ்களுக்கு வரும் கட்டுரைகள் ஏறத்தாழ இரு மடங்காயின. வெளியாகும் கட்டுரைகளோ, 1970களின் இறுதியில் ஆண்டுக்கு 400 இருந்தது 300ஆகக் குறைந்தது. ஏற்பு விகிதம் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக இறங்கியது. கட்டுரைகளின் நீளம் மூன்று மடங்கை நெருங்கிவிட்டதால் இதழில் இடமும் சுருங்கியது.

இத்தனை நெரிசலில், கட்டுரையை வெளியிடலாமா என்று இதழுக்குச் சொல்லும் மதிப்பீட்டாளரின் கண் முதலில் எங்கே போகிறது? 2022இல் வெளிவந்த ஒரு சோதனை இதைக் காட்டுகிறது. நோபல் பரிசு பெற்ற வெர்னன் ஸ்மித்தும் இளம் ஆய்வாளர் சபியு இனுவாவும் சேர்ந்து எழுதிய ஒரே கட்டுரை பல மதிப்பீட்டாளர்களுக்குப் போனது. ஸ்மித்தின் பெயரை மட்டும் பார்த்தவர்களில் 23 சதவீதம் பேர் நிராகரிக்கச் சொன்னார்கள். பெயரே இல்லாமல் படித்தவர்களில் 48 சதவீதம். இனுவாவின் பெயரை மட்டும் பார்த்தவர்களில் 65 சதவீதம். கட்டுரையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இதைப் படித்த பிறகும் 'தரம் தானாக மேலே வரும்' என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பெயரை மறைத்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். மறைப்பது கடினம். கட்டுரை அச்சாகும் முன்பே வரைவாக இணையத்தில் வந்துவிடுகிறது. தலைப்பைத் தேடினால் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும். அந்த ஐந்தில் ஒன்றான அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவை நடத்தும் சங்கம், எழுதியவர் பெயரை மதிப்பீட்டாளருக்கும் மதிப்பீட்டாளர் பெயரை எழுதியவருக்கும் மறைக்கும் முறையை 2011இல் கைவிட்டது. அது பின்னடைவு என்றே நினைக்கிறேன்.

எந்த நாட்டைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதும் எடை போடப்படுகிறது. 1985 முதல் 2005 வரையிலான 76,046 கட்டுரைகளை ஜிஷ்ணு தாஸ் உள்ளிட்ட நால்வர் ஆராய்ந்தார்கள். அமெரிக்காவைப் பற்றி 36,649 கட்டுரைகள். மாலியைப் பற்றி 27. புருண்டியைப் பற்றி 4. மற்ற நாடுகளைப் பற்றிய கட்டுரைகளில் 1.5 சதவீதமே அந்த ஐந்து இதழ்களில் இடம்பெற்றன. எழுதியவர்கள் எந்த நிறுவனத்தவர் என்பதைக் கணக்கில் கொண்ட பிறகும், அமெரிக்கா பற்றிய கட்டுரைக்கு வாய்ப்பு 2.6 சதவீதப் புள்ளி கூடுதல்.

ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கையையும் அப்படியே நம்பாதீர்கள். அமெரிக்கப் பொருளியல் ஆய்வு நிறுவனமான என்.பி.இ.ஆர். வாராவாரம் அனுப்பும் புதிய கட்டுரைப் பட்டியலில், தரத்துக்குத் தொடர்பே இல்லாமல் முதலில் நின்ற கட்டுரைக்குச் சுமார் 30 சதவீதம் கூடுதல் வாசிப்பும் மேற்கோளும் கிடைத்தது தெரியவந்தது. பிறகு வாசகருக்கு வாசகர் வரிசையை மாற்றி அனுப்பத் தொடங்கினார்கள்.

இனி உங்கள் கட்டுரைக்கு வருவோம். ஒரு நேரத்தில் ஓர் இதழுக்குத்தான் அனுப்பலாம் என்பதால், உதவித்தொகைக் காலம் முடியவிருக்கும் மாணவருக்குக் காத்திருப்பே பெரிய செலவு. அனுப்புமுன் மூன்று இதழ்களை வரிசைப்படுத்தி வையுங்கள். அதில் ஜர்னல் ஆஃப் டெவலப்மென்ட் எகனாமிக்ஸ் போன்ற சிறப்புத்துறை இதழ் ஒன்றாவது இருக்கட்டும். 'இது வேறு இடத்துக்குப் பொருந்துமா?' என்ற கேள்வி நிச்சயம் வரும். உங்கள் கட்டுரை காட்டும் விளைவு உங்கள் ஊரில் எந்த வழியாக நிகழ்கிறது என்பதை முதல் இரண்டு பக்கத்திலேயே சொல்லிவிட்டால் பாதி பதில் அங்கேயே முடிந்துவிடும். மதிப்பீட்டாளருக்கே போகாமல் இதழாசிரியர் மேசையிலேயே திரும்பி வந்தால் மறு வாரமே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். மதிப்பீட்டாளர் குறிப்புகளோடு திரும்பினால் திருத்தாமல் அனுப்ப வேண்டாம். உங்கள் தலைப்பில் மதிப்பிடக்கூடியவர்கள் சிலரே. அடுத்த இதழும் அதே ஆளிடமே கொடுக்கக்கூடும்.