அரை மணி நேரத்தில் பார்த்து முடிக்கக்கூடியதா யூதர் வரலாறு?

கேள்வி: குடும்பத்துடன் கொச்சிக்குச் சுற்றுலா சென்றபோது மட்டாஞ்சேரி யூத ஜெப ஆலயத்தைப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நீலப் பூ வரைந்த தரை ஓடுகளும் கண்ணாடி விளக்குகளும் இருக்கின்றன. யூதர் ஒருவரைக்கூடக் காணவில்லை. தெரு முழுவதும் காஷ்மீர்க் கைவினைக் கடைகள். ஆளே இல்லாத ஊரில் ‘யூதப் பாரம்பரியம்’ என்று சொல்லிக் கூட்டம் சேர்ப்பது ஏமாற்று வேலை அல்லவா? சாதி, மத வேற்றுமை பாராமல் யூதர்களை வாழவைத்த மண் இது என்று வழிகாட்டி சொன்னது ஒன்றுதான் மனத்துக்கு நிறைவாக இருந்தது.
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். ஒரு பெரிய வீட்டின் திண்ணையை மட்டும் காட்டி அனுப்பியிருக்கிறார்கள். நீங்களும் அதுதான் வீடு என்று நம்பித் திரும்பியிருக்கிறீர்கள். உங்களுக்கு நிறைவளித்த அந்த ஒற்றை வாக்கியத்தில்தான் எனக்குத் தகராறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

கேரளத்து யூதர்களுக்கு எட்டு சபைகள் இருந்தன. அவற்றுள் ஏழு, பல நூற்றாண்டுகளாக இந்த மண்ணிலேயே வேரூன்றிய மலபார் யூதர்களுடையவை. நீங்கள் பார்த்த எட்டாவது, பரதேசி யூதர்களுடையது. அதாவது ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்து துரத்தப்பட்டும், பின்னர் சிரியா, ஈராக் பகுதிகளிலிருந்து வணிகத்துக்காகவும் வந்து சேர்ந்தவர்களுடையது. 1940களில் கேரளத்தில் ஏறத்தாழ 2,500 யூதர்கள் வாழ்ந்தபோது இந்தப் பிரிவினர் நூறு பேரளவே இருந்தனர். ஆனால் அரசனின் அரண்மனைச் சுவரை ஒட்டி 1568இல் கட்டிய ஆலயமும், டச்சு வணிகத்தில் ஈட்டிய பெருஞ்செல்வமும் இவர்களிடம் இருந்ததால், சுற்றுலாக்காரர்களின் கண்ணில் இவர்களே கேரள யூதர்களாகிவிட்டார்கள். உங்களைக் கவர்ந்த சீன ஓடுகளைப் பதித்தவரும், முகத்துக்கு முகம் வேறு எழுத்தில் எண்கள் கொண்ட மணிக்கூண்டை எழுப்பியவரும் 18ஆம் நூற்றாண்டின் பெருவணிகர் எசேக்கியேல் ரஹாபி. 1662இல் போர்ச்சுகீசியர் சேதப்படுத்திய ஆலயம் மறு ஆண்டே கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களின் காலத்தில் மீண்டெழுந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கூடத்தின் செழிப்பு எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

அந்த ஆலயத்தின் பாதுகாப்பில் உள்ள செப்பேடுகளோ தரை ஓடுகளைவிட ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் பழையவை. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டிலிருந்து (இன்றைய கொடுங்கல்லூர்ப் பகுதி) ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வழங்கிய சாசனம் அது. பல்லக்கு, குடை, பகல் விளக்கு, நடைபாவாடை, பேரிகை முதலிய எழுபத்திரண்டு உரிமைகளையும் வரிவிலக்கையும், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவையும் பரம்பரையாக அவருக்கு அளிக்கும் இந்தச் சாசனம் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் மொழியைப் பழைய மலையாளம் என்பாரும், அன்றைய தமிழின் மேற்குக்கரை வழக்கு என்பாரும் உண்டு. கல்வெட்டுத் தமிழில் பழக்கமுள்ளவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. இந்தச் செப்பேடுகள் யாருடைய முன்னோருக்கு வழங்கப்பட்டவை என்பதில் மலபார் யூதர்களுக்கும் பரதேசி யூதர்களுக்கும் நெடுங்காலம் வழக்கு இருந்தது. ஐந்து நூற்றாண்டுகள் கழித்து வந்தவர்களின் பெட்டியில் அவை போய்ச் சேர்ந்திருப்பதை வழிகாட்டிகள் விளக்குவதில்லை.

இனி அந்த வாக்கியம். யூதர்களை அவர்களுடைய மதத்துக்காகக் கொச்சி அரசர்கள் துன்புறுத்தவில்லை. நிலம் கொடுத்தார்கள், மதிப்புக் கொடுத்தார்கள். இதில் ஐயமில்லை, பெருமை கொள்ளவும் இடமுண்டு. ஆனால் “சாதி வேற்றுமை பாராமல்” என்பது உண்மையன்று. நம் மண்ணிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டவற்றுள் சாதியும் ஒன்று. பரதேசி யூதர்கள் தங்களை ‘வெள்ளை யூதர்’ என்றும் மலபார் யூதர்களைக் ‘கறுப்பு யூதர்’ என்றும் பிரித்து, மணவுறவை மறுத்தார்கள். தங்கள் வீடுகளிலேயே அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று யூத சமயத்தில் சேர்ந்தவர்களின் சந்ததியினரை ஆலயத்தின் இருக்கைகளில் அமரவிடவில்லை. அவர்கள் முன்கூடத்திலோ தரையிலோதான் உட்கார வேண்டும். ஒரே கடவுள், ஒரே தோரா, ஒரே தெரு. ஆனாலும் இந்த ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

அதை எதிர்த்து நின்றவர் ஏ.பி. சேலம் (1882–1967). அந்த விடுதலை பெற்றோர் வழியில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்துக் கொச்சியில் வழக்கறிஞரானவர். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். 1929ஆம் ஆண்டு லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குச் சென்றுவந்த அவர், காந்தியின் சத்தியாக்கிரக முறையைத் தம் சொந்த ஆலயத்துக்குள்ளேயே கையாண்டார். ‘யூத காந்தி’ என்று அவரை அழைத்ததற்கு இதுதான் காரணம். தடைகள் ஒரே நாளில் விழவில்லை, ஒவ்வொன்றாகத்தான் விழுந்தன. வைக்கம் கோயில் தெருக்களுக்காக நடந்த போராட்டத்தை நாம் பாடநூலில் படிக்கிறோம். அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் ஒரு ஜெப ஆலயத்துக்குள் அதே நியாயத்துக்காக நடந்த போராட்டத்தை எந்தச் சுற்றுலாப் பேருந்தும் நின்று சொல்வதில்லை. ஓடுகளைப் பார்த்த உங்கள் குழந்தைகளுக்கு, யார் எந்த இடத்தில் உட்காரவைக்கப்பட்டார்கள் என்பதையும் காட்டியிருந்தால் அரை மணி நேரம் போதாமல் போயிருக்கும்.

அடுத்த முறை எர்ணாகுளத்தில் இறங்கியதும் மட்டாஞ்சேரிக்குப் போகாதீர்கள். வடக்கே பறவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். சேந்தமங்கலம் ஆலயத்தின் முன் நிற்கும் நடுகல் போன்ற கல்லறைக் கல்லில் ‘இஸ்ரவேலின் மகள் சாரா’ என்று ஹீப்ருவில் பொறித்திருக்கிறது, ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த ஹீப்ருக் கல்வெட்டுகளில் மிகப் பழையதாகக் கருதப்படுவது அது. மட்டாஞ்சேரி ஆலயம் எழும்புவதற்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே ஒரு யூதப் பெண்ணுக்குக் கல் நட்டு எழுதுமளவுக்கு இங்கே ஒரு சமூகம் இருந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பறவூரிலோ கட்டடமே பேசும். இரண்டு மாடி வாயில் வீடு, அதிலிருந்து நீளும் கூரையிட்ட நடை, முன்கூடம், பிறகு ஆலயம் என்று, கேரளக் கோயிலொன்றின் படிப்புரை என்னும் வாயில் கட்டடத்தைக் கடந்து போவது போலவே போக வேண்டும். உள்ளே நடுவில் ஒரு வாசிப்பு மேடை இருக்கும். மாடியில், பெண்கள் பகுதிக்கு முன்பாக, இன்னொரு வாசிப்பு மேடை இருக்கும். இந்த இரண்டாவது மேடை கேரள ஜெப ஆலயங்களின் தனித்தன்மை. ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஆலயங்களைப் பார்த்துவிட்டு வருபவர்களும் இங்கே ஒரு கணம் நின்று மேலே பார்ப்பார்கள். இவ்விரண்டு ஆலயங்களும் பழுதுபார்க்கப்பட்டு அருங்காட்சியகங்களாக இயங்குகின்றன.

“யூதர் ஒருவரைக்கூடக் காணவில்லை” என்கிறீர்கள். சாரா கோஹன் என்ற மூதாட்டி 2019இல் தம் 96ஆம் வயதில் மறையும் வரை யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்தார். துணி வாங்க வந்தவர்களைவிடக் ‘கடைசி யூதர்’களில் ஒருவரைப் பார்க்க வந்தவர்களே அதிகம். மனிதர்களைக் காட்சிப்பொருளாக்கும் அந்தப் பழக்கத்தைச் சுற்றுலா இன்னும் விடவில்லை. பத்து ஆண்கள் கூடினால்தான் யூதர்களின் பொது வழிபாடு நடக்கும். அந்த எண்ணிக்கை உள்ளூரில் இல்லாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன.

ஆனால் அவர்கள் அழிந்துபோகவில்லை, புறப்பட்டுப் போனார்கள். யாரும் துரத்தாமலேயே, தங்கள் சமய நம்பிக்கையால் உந்தப்பட்டு, 1953 முதல் 1955 வரையிலான ஆண்டுகளில் மலபார் யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதுவும் எளிதாக நடக்கவில்லை. யானைக்கால் நோயைக் கொண்டுவந்துவிடுவார்களோ என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை அஞ்சியதால் கிராமங்களில் வீட்டை விற்றுவிட்டுக் காத்திருக்க நேர்ந்தவர்களும் உண்டு. போனவர்களுக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று நெகேவ் பாலைநிலத்து நெவாட்டிம். காயலோரத்தில் வாழ்ந்தவர்கள் அங்கே பசுமைக்குடில்களில் மலர் வளர்த்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். கொச்சி முறையில் ஓர் ஆலயத்தையும், தங்கள் வரலாற்றைச் சொல்லும் ஓர் அருங்காட்சியகத்தையும் அமைத்துக்கொண்டார்கள்.

கட்டடங்களும் பிரிந்து கிடக்கின்றன. மட்டாஞ்சேரியிலேயே, நீங்கள் நின்ற இடத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், கடவும்பாகம் என்ற 16ஆம் நூற்றாண்டு மலபார் யூத ஆலயம் இருந்தது. அதன் செதுக்கு வேலைப்பாடு நிறைந்த மரக் கூரையும் உள்ளமைப்பும் 1990களில் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டு இன்று எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் உலகெங்கிலுமிருந்து திரட்டிய வேறு மூன்று ஆலயங்களின் உள்ளமைப்புகளோடு பத்திரமாக இருக்கின்றன. எஞ்சிய வெறும் சுவர்கள் பராமரிப்பின்றி நின்று, 2019ஆம் ஆண்டு மழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தன. எடுத்துச் சென்றது சரியா என்று கேட்டால், இங்கே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அந்தச் சுவர்களே பதில். எனினும் கூரை ஒரு நாட்டிலும் சுவர் வேறு நாட்டிலும் இருப்பதை நல்ல தீர்வு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமையிலும் யூதத் திருநாள்களிலும் மட்டாஞ்சேரி ஆலயம் மூடியிருக்கும் என்பதைப் பயணத்தைத் திட்டமிடும்போதே நினைவில் கொள்ளுங்கள். காலணிகளை வெளியே விட வேண்டும். இதுவும் கேரளத்து யூதர்களின் வழக்கம்.

தாம்பரத்தில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்று. 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா வைரங்களை நாடி, அவற்றுக்கு மாற்றாக மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்த போர்ச்சுகீசிய யூத வணிகர்கள் சென்னையில் குடியேறினார்கள். 1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியின் முதல் உறுப்பினர்களிடையே அவர்களும் இருந்தார்கள். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்றும் அந்த வணிகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர்களுடைய கல்லறைகளில் எஞ்சியவை மின்ட் தெருப் பகுதியிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, முன்பு லாயிட்ஸ் சாலை என்று வழங்கிய அவ்வை சண்முகம் சாலையில் உள்ள சிறிய யூத இடுகாட்டில் வைக்கப்பட்டுள்ளன. கொச்சிக்கு மீண்டும் முன்பதிவு செய்வதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் வரை வந்து, பவளக்காரத் தெருவை நடந்து பாருங்கள்.