பெருங்காயம் தப்பிக்கும் வழி

கேள்வி: பெருங்காயத்தை இரண்டு பாலித்தீன் பைகளில் போட்டு இறுகக் கட்டியும் அலமாரி முழுக்க மணக்கிறது. பையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. மணம் மட்டும் எப்படி வெளியேறுகிறது?
(வாசகி, தென்காசி)

பதில்: தண்ணீர் ஊற்றிச் சோதித்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ். பாலித்தீன் என்பது நீண்ட மூலக்கூறு இழைகள் சிக்குப் பிடித்துக் கிடக்கும் குவியல். நூற்கண்டை எவ்வளவு இறுக்கினாலும் இழைகளுக்கு நடுவே சந்து இருக்கும் அல்லவா? இழைகள் ஓயாமல் நெளிவதால் ஒரு சந்து மூட, பக்கத்தில் இன்னொன்று திறக்கும். பெருங்காய மணம் எண்ணெய்ச் சாதி; பாலித்தீனோடு ஒட்டி உறவாடிச் சந்து சந்தாகத் தாவி வந்துவிடும். தண்ணீருக்கு அந்த உறவு கிடையாது. கண்ணாடிப் புட்டிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: அணு அளவிலான துளைகளைக்கூட அளக்கலாம் என்கிறார் எங்கள் பேராசிரியர். அதற்குள் நுழையும் அளவுகோல் எது?
(மாணவர், விருத்தாசலம்)

பதில்: பதினோரு ஆண்டுகள் நான் செய்த வேலை இது, பதில் கொஞ்சம் நீளும். அளவுகோல், பாசிட்ரான். எலக்ட்ரானின் எதிர்த்துகளான அது எலக்ட்ரானைச் சந்தித்தால் இரண்டும் அழிந்து காமா கதிர்களாகிவிடும். அதுவரை பாசிட்ரான் எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தது என்பதைத்தான் அளக்கிறோம். பாசிட்ரான்களை உமிழும் கதிரியக்கச் சோடியம்-22 உப்பை மெல்லிய தாளில் பொதிந்து, இரண்டு பிளாஸ்டிக் வில்லைகளுக்கு நடுவே வைப்போம். பாசிட்ரான் கிளம்பும்போதே கூடவே ஒரு காமா கதிரும் கிளம்பும். கடிகாரம் ஓடத் தொடங்கும். அழிவில் பிறக்கும், 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட காமா அதை நிறுத்தும்.

பிளாஸ்டிக்கில் சில பாசிட்ரான்கள் எலக்ட்ரானோடு ஜோடி சேர்ந்து பாசிட்ரோனியம் ஆகின்றன. அதில் ஒரு வகை வெற்றிடத்தில் சராசரியாக 142 நானோநொடி வாழும் (நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு). சந்துக்குள் மாட்டினாலோ, சுவரிலுள்ள வேறோர் எலக்ட்ரான் குறுக்கே புகுந்து பாசிட்ரானை முடித்துவிடும். சந்து குறுகக் குறுக ஆயுளும் குறையும். பாலித்தீனில் ஏறக்குறைய இரண்டரை நானோநொடி. கணக்குப் போட்டால் துளையின் ஆரம் 0.33 நானோமீட்டர். துளை உருண்டை என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு இது. உண்மையில் அது கொழுக்கட்டை வடிவிலும் இருக்கலாம். அதனால்தான் நான்காம் தசம இடம் வரை எழுதிவரும் மாணவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

ஒரு மாதிரிக்குப் பத்து லட்சம் பாசிட்ரான் அழிவுகளையாவது பதிவு செய்து சேர்ப்போம். ஒருமுறை இரவில் குளிர்சாதனம் நின்றுபோய், அறை சூடேறி, கருவியின் நேரக்கணக்கு நகர்ந்துவிட்டது. காலையில் திரையிலிருந்த வரைபடத்தில் கூரான சிகரத்துக்குப் பதில் யானை முதுகு. மூன்று நாள் அளவீட்டையும் தூக்கிப் போட்டேன். அன்று முதல் அறைக்குள் சுவரில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கியது.

கேள்வி: உலோகத்துக்கும் இது பொருந்துமா?
(வாசகர், செங்கல்பட்டு)

பதில்: பொருந்தும். உலோகத்துக்குள் பாசிட்ரோனியம் உருவாவதில்லை. பாசிட்ரான் தனியாகவே அலையும். குறையற்ற அலுமினியத்தில் அதன் ஆயுள் சுமார் 160 பிக்கோநொடி (ஆயிரம் பிக்கோநொடி சேர்ந்தால் ஒரு நானோநொடி). ஓர் அணு விடுபட்ட இடத்தில் சிக்கினால், அங்கே எலக்ட்ரான்கள் குறைவு என்பதால், 250ஐ நெருங்கும். ஸ்காட்லாந்தின் டவுன்ரே அணு உலையில் நியூட்ரான்களிடம் அடிவாங்கிய, எரிபொருள் பொதிந்த எஃகு உறைகளின் உலோகத்துக்குள் நுண்ணிய வெற்றிடங்கள் இருப்பதை 1967இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். உங்கள் மாவட்டத்துக் கல்பாக்கத்திலும் உலை எஃகுகளைப் பாசிட்ரான் கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். ஓரிரு அணுக்கள் காணாமல்போன நிலையில் நுண்ணோக்கிக்கு ஒன்றும் தெரியாது, பாசிட்ரானுக்குத் தெரிந்துவிடும்.