அருகில் காற்றாலை இருந்தால் மின்தடை நேராதா?

கேள்வி: எங்கள் ஊரையொட்டி ஐந்து காற்றாலைகளுடன், மொத்தம் 10 மெகாவாட் திறனில் ஒரு சிறிய காற்றாலைப் பண்ணை அமையவிருக்கிறது. எங்கள் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வந்த தரகர், பண்ணை வந்துவிட்டால் நாடு முழுவதும் மின்சாரம் போனாலும் எங்கள் ஊரில் போகாது என்கிறார். இது உண்மையா? இவ்வளவு சிறிய பண்ணையால் தேசிய மின்தொகுப்புக்கு என்ன பயன்?

பதில்: உண்மையில்லை. நாட்டின் மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பிவலையான தொகுப்பில் மின்சாரம் நின்றால், எவ்வளவு பலமாகக் காற்று வீசினாலும், உங்கள் ஊர்க் காற்றாலைகளும் சில நொடிகளுக்குள் இணைப்பைத் தாமே துண்டித்துக்கொண்டு நின்றுவிடும். அது பழுதன்று, அவை அமைக்கப்பட்ட முறையே அது. பெரும்பாலான நாடுகளின் மின்தொகுப்பு 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி என்ற கணக்கில், இயங்குகிறது. வழக்கமான காற்றாலை இந்த அதிர்வெண்ணைத் தானே உண்டாக்குவதில்லை. கம்பியில் ஏற்கெனவே இருப்பதை உணர்ந்து, அதற்கு இசைவாகத் தன் மின்சாரத்தைச் சேர்க்கிறது. இசைவதற்கு எதுவுமில்லை என்றால் அது நின்றாக வேண்டும். தவிர, மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிரைக் காப்பதும் இந்தத் துண்டிப்புதான்.

ஆயினும் பண்ணையால் பயனில்லை என்று எண்ணிவிட வேண்டாம். அங்கு உற்பத்தியாகும் மின்சாரம் முதலில் அருகிலுள்ள வீடுகளுக்கும் பம்புசெட்டுகளுக்குமே பாய்கிறது. தொலைவிலிருந்து கொண்டுவரும்போது கம்பிகளில் வீணாகும் பகுதி குறைகிறது. எங்கோ ஓர் அனல்மின் நிலையம் அந்த அளவுக்கு எரிபொருளைக் குறைத்து எரிக்கிறது. உள்ளூர்த் தேவைக்கு மிஞ்சியது துணைமின் நிலையம் வழியாக மேலேறித் தொகுப்பில் கலக்கிறது. பெரிய மின்நிலையம் ஒன்று திடீரென நின்றாலும் தாங்கும்படி தொகுப்பில் எப்போதும் கையிருப்புத் திறன் வைத்திருப்பதால், காற்று ஓய்ந்து உங்கள் 10 மெகாவாட் நின்றுபோனால் யாரும் உணரமாட்டார்கள். சிறியவை பல ஒரே கணத்தில் விலகினால்தான் ஆபத்து. 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் மின்னல் தாக்கியதைத் தொடர்ந்து ஒரு பெரிய கடற்காற்றாலைப் பண்ணையும் ஓர் எரிவாயு மின்நிலையமும் விலகியபோது, பகிர்மானக் கம்பிகளில் இணைந்திருந்த சிறு உற்பத்தியாளர்கள் பலரும் பாதுகாப்புக் கருவியின் கூருணர்வு காரணமாகச் சேர்ந்தே விலகினர், அதிர்வெண் 50இலிருந்து 48.8 ஹெர்ட்ஸ் வரை இறங்கி, சுமார் 11 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. ஆகவே சிறிய பண்ணையின் கருவி அமைப்புகளும் தேசத்தின் கவலைதான்.

தரகர் சொன்னது பொருந்தும் விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைத்தான் அவர் உங்களுக்கும் பொதுவிதிபோல் காட்டுகிறார் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். ஸ்பெயினுக்குரிய எல் ஹியர்ரோ தீவில் 2014 முதல் 11.5 மெகாவாட் காற்றாலைகள் தனித்த தொகுப்பில் இயங்குகின்றன. ஆனால் மிஞ்சிய மின்சாரத்தால் நீரை மேலேற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரமாக்கும் நீர்த்தேக்கங்கள் அங்கு உள்ளன. டீசல் எந்திரங்களும் உள்ளன. ஸ்காட்லாந்தின் ஐக் தீவில் 2008 முதல் சிறு காற்றாலைகளும் ஓடும் நீரும் சூரிய ஒளியும் மின்கல அடுக்கோடு சேர்ந்தே மின்சாரம் தருகின்றன. அதே ஸ்காட்லாந்தில் டெர்சலாக் பண்ணை, தானே அதிர்வெண்ணை உருவாக்கும் கட்டுப்பாட்டைக் கொண்டு, இருண்ட தொகுப்பின் ஒரு பகுதியை உயிர்ப்பிக்க முடியும் என்று 2020இல் செய்துகாட்டியது. அது 69 மெகாவாட் பண்ணை. இவற்றைப் போன்ற சேமிப்போ, கட்டுப்பாடோ, தொகுப்பிலிருந்து ஊரைப் பிரித்து நடத்தும் அனுமதியோ உங்கள் திட்ட அறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். எழுதப்படவில்லையென்றால் அந்த வாக்குறுதிக்கு மதிப்பில்லை. ஊரின் மின்தடைக்குப் பெரும்பாலும் காரணம் பகிர்மானக் கம்பியும் மின்மாற்றியும்தான். அவற்றைக் காற்றாலை சீர்செய்யாது.

இனி, தரகர் காட்டும் கணக்கைப் பாருங்கள். 10 மெகாவாட்டை ஆண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கி 8.76 கோடி யூனிட் என்பார். உங்கள் பங்கு அதில் இத்தனை என்பார். நிலத்தில் நிற்கும் காற்றாலைகள் ஆண்டு முழுவதற்கும் சராசரியாகத் தம் திறனில் 25 முதல் 40 விழுக்காடு வரையே தருகின்றன. 30 என்று கொண்டாலும் 2.63 கோடி யூனிட்தான். அதுவும் காற்றை அந்த இடத்திலேயே, காற்றாலையின் உயரத்தில், குறைந்தது ஓராண்டு அளந்திருந்தால்தான் நம்பத்தக்கது. காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படியை, அதாவது வேகத்தை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வருவதை, பொறுத்தது. வேகம் 10 விழுக்காடு குறைந்தால் ஆற்றல் 27 விழுக்காடு குறைந்துவிடும். தொலைவிலுள்ள விமான நிலையத்தில் அளந்த கணக்கை நீட்டுபவரிடம் கையெழுத்திடாதீர்கள்.

இதைவிடப் பெரிய பொறி மின்இணைப்பு அனுமதி. விண்ணப்பித்ததற்கான ரசீதையே அனுமதி என்று காட்டுவார்கள். பல நாடுகளில் இணைப்புக்கான வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. கட்டும் எண்ணமே இல்லாமல் இடம்பிடித்து வைத்து, அந்த இடத்தை விற்றுப் பிழைப்பவர்களும் அந்த வரிசையில் உண்டு. உண்மையாகக் கட்ட வருபவர் வெளியே நிற்க, உங்கள் நிலம் குத்தகை உரிமையில் முடங்கிக் கிடக்கும்.

எனவே எத்தனை மெகாவாட், எந்தத் துணைமின் நிலையம், எந்தத் தேதி என்று குறிப்பிடும் இணைப்பு ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். குத்தகைப் பணம் யூனிட் கணக்கில் மட்டும் இருந்தால், கம்பியில் இடமில்லை என்று உற்பத்தியைக் குறைக்க உத்தரவு வரும் நாள்களில் இழப்பு உங்களுக்கே. ஆகவே குறைந்தபட்ச நிலைத்தொகை வேண்டும். குறித்த காலத்துக்குள் கட்டத் தொடங்காவிட்டால் குத்தகை ரத்தாகும் என்பதும், ஆயுள் முடிந்தபின் கோபுரத்தையும் அடித்தளக் கான்கிரீட்டையும் அகற்றும் செலவுக்கு வங்கி உத்தரவாதம் வைக்கப்படும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் தரகர் அல்ல, பண்ணையை நடத்தப்போகும் நிறுவனமே கையெழுத்திட வேண்டும்.