394.26-ஐத் தேடி 394.3-க்குப் பின்னால் போகும் பிள்ளைகள்

நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்கப் பயன்படும் டியூவி தசம எண்களில், 394.3 என்பதைச் சீட்டில் 394.30 என்று எழுதிக் காட்டுங்கள், பாதிக் குழப்பம் தீரும். தண்டையார்பேட்டையில் உங்கள் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 394 வரை சரியாக வந்துவிட்டு, பண்டிகைப் புத்தகங்கள் இருக்கும் 394.26-இல் தடுமாறுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது கவனக்குறைவாக இருக்காது. தசமம் பிடிபடாத வயதில் 3-ஐ விட 26 பெரிதுதானே!

சோதித்துப் பாருங்கள். இரண்டு எண்களையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, ஒரு பிள்ளையை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். 394.3 முன்னால் வந்தால் காரணம் இதேதான். அப்புறம் பூஜ்யத்தைச் சேர்த்து மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். ராயபுரத்தில் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி, புத்தக முதுகுகளை விரலால் தொட்டுக்கொண்டே போய், பொங்கல் புத்தகத்தில் நின்று, "மிஸ், இருக்கு!" என்று கத்தினாள். சத்தம் போடாதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். எல்லாப் பண்டிகைப் புத்தகமும் அந்த ஒரே தட்டில் இருக்காது. கிறிஸ்துமஸ், ரம்ஜான் வழிபாடு பற்றியவை மத நூல்களுக்கான 200 வரிசையில் இருக்கலாம். நாட்டுப்புறக் கதைகள் 398.2-இல் இருக்கும். தேடச் சொல்வதற்கு முன் தட்டை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லாத இடத்தில் தேடிக் களைத்த பிள்ளை அடுத்த வாரம் அலமாரிப் பக்கமே வராது.