கூனல் பிறை

ஐயா, அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் ‘டேகன்’ கதையை மொழிபெயர்க்கிறேன். அதில் தேய்கிற நிலாவுக்கு ‘கிப்பஸ்’ என்று அடைமொழி வருகிறது. அகராதியில் ‘கூன் விழுந்த’ என்றிருந்ததால், ‘அந்தி சாய்ந்ததும் தேயும் கூனல் பிறை கிழக்கே எழுந்தது’ என்று எழுதினேன். சரியா? உச்சரிப்பு கிப்பஸா, ஜிப்பஸா?
ம.

அன்புள்ள ம.,

உச்சரிப்பு ‘கி’தான். விடுங்கள், அச்சில் அது வரப்போவதில்லை.

அகராதி பொய் சொல்லவில்லை. லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் கூன், திமில் என்றுதான் பொருள். ஆனால் தமிழில் கூனல் நிலாவோடு சேர்ந்தால் கதையே வேறு. ‘கூனல் இளம்பிறை முடித்த வேணி’ என்கிறது குற்றாலக் குறவஞ்சி. அது சிவன் சடையில் இருக்கும் கீற்று, உள்ளே குழிந்தது. கிப்பஸ் நிலா இரண்டு பக்கமும் வெளியே புடைத்தது. பாதியைத் தாண்டியும் முழுதாகாதது. சொல்லுக்குச் சொல் சரியாக வைத்து, நேர் எதிரான வடிவத்தை வாசகருக்குக் காட்டியிருக்கிறீர்கள்.

அதைக்கூட மன்னிக்கலாம். அந்தியை மன்னிக்க முடியாது. பௌர்ணமி நிலா சூரியன் மறையும்போது எழும். அதன்பின் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்தும். தேய்பிறைப் பஞ்சமியில் எழ இரவு பத்தாகிவிடும், அஷ்டமியில் நள்ளிரவு. விடிந்த பிறகும் மேற்கே வெளிறி நிற்கும். அந்தியிலேயே வானில் நிற்கும் புடைத்த நிலா வளர்பிறைக்கு உரியது. அது பிற்பகலிலேயே எழுந்துவிடும். நான்கு நாள் மொட்டைமாடிக்குப் போயிருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி மிச்சம்.

லவ்கிராஃப்ட் பிராவிடன்ஸ் பத்திரிகைகளில் வானியல் பத்தி எழுதியவர். நிலாவை அலங்காரத்துக்கு வைக்கிற ஆள் இல்லை. கதை சொல்கிறவன் நடுக்கடலில் மேலெழுந்த சேற்றுவெளியில், ஒரு குன்றடியில் களைத்துத் தூங்குகிறான், குளிர்ந்த வியர்வையோடு விழிக்கிறான், அப்போதும் நிலா கிழக்குச் சமவெளிக்கு மேல் அதிகம் ஏறியிருக்காது. ‘தேய்கிற’ என்ற சொல்லே அங்கே கடிகாரம். ‘கிப்பஸ்’ அந்த வெளிச்சத்துக்கு ஓர் ஊனத்தைக் கொடுக்கிறது.

‘பஞ்சமி நிலா’ என்று போட்டால் நேரம் சரியாகும். ஆனால் நடுக்கடல் சேற்றில் பஞ்சாங்க வாசம் அடிக்கும். ‘ஒருபுறம் தேய்ந்து புடைத்த நிலா’ போதும். பிறை என்ற சொல்லே வேண்டாம்.

உங்கள் தமிழ் நன்றாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு திட்டு. அந்த ‘அந்தி சாய்ந்ததும்’ மூலத்தில் இல்லை. முதலில் அதை அடியுங்கள்.