கையில் தொடங்கட்டும்: மாண்டிசோரி முறை பற்றி வாசகர் கேள்விகள்

(குழந்தை பொருள்களைத் தன் கையால் எடுத்துச் செய்து பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கல்வி முறை இது.)

எங்கள் மகளுக்கு இரண்டரை வயது. தண்ணீர் ஊற்றப் பழக்கலாம் என்று இரண்டு டம்ளர் கொடுத்தால் தட்டு, தரை, பாவாடை எல்லாம் ஈரம். “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?” என்கிறார் அத்தை. நிறுத்திவிடலாமா?
– ஈரோடு வாசகி

நிறுத்த வேண்டாம். டம்ளரை மட்டும் மாற்றுங்கள். டம்ளருக்கு மூக்கு கிடையாது. மெதுவாகச் சாய்த்தால் தண்ணீர் விளிம்பை விட்டுப் பிரியாமல் வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு வழியும். பெரியவர்கள் ஊற்றினாலும் அப்படித்தான். கைப்பிடியும் மூக்கும் உள்ள சின்ன ஜாடி இரண்டு வாங்குங்கள். ஒவ்வொன்றும் 100 முதல் 150 மில்லி பிடித்தால் போதும், இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும். எவர்சில்வரோ பீங்கானோ நல்லது. பிளாஸ்டிக் எடையே இல்லாமல் இருப்பதால், எவ்வளவு சாய்க்கிறோம் என்பது பிஞ்சுக் கைக்குப் பிடிபடாது. இரண்டையும் விளிம்பு வைத்த தாம்பாளத்தில் வையுங்கள்.

முதல் சில வாரங்கள் தண்ணீர் வேண்டாம், அரிசி போதும். சிந்தினாலும் பொறுக்கி எடுத்துவிடலாம், அப்படிப் பொறுக்குவதும் விரலுக்குப் பயிற்சிதான். கொண்டைக்கடலை, ராஜ்மா போன்றவற்றை இந்த வயதில் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கும், மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள். அரிசியே ஆனாலும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். ஒரு ஜாடியில் பாதி மட்டும் நிரப்புங்கள். பல வீடுகளில் விளிம்புவரை நிரப்பிக் கொடுத்துவிட்டு, குழந்தை கொட்டுகிறது என்கிறார்கள்.

செய்து காட்டும்போது பேசாதீர்கள். நீங்கள் பேசினால் குழந்தை உங்கள் வாயைப் பார்க்கும், கையைக் கவனிக்காது. அவளுக்கு வலப்பக்கமாக உட்காருங்கள். வலது கையால் கைப்பிடியைப் பிடித்து, இடது கையை ஜாடியின் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். மூக்கை மற்ற ஜாடியின் நடுவுக்கு நேரே கொண்டுவந்து, விளிம்பில் இடிக்காமல் ஒரு கணம் நிறுத்துங்கள். பிறகு ஊற்றுங்கள். கடைசி மணி விழும்வரை காத்திருந்து நிமிர்த்துங்கள். தாம்பாளத்தை அப்படியே திருப்பி வைத்தால் இப்போது நிறைந்த ஜாடி அவள் வலக்கைப் பக்கம் இருக்கும். இனி அவள் முறை.

தண்ணீருக்குப் போகும்போது உள்ளங்கை அளவுக்கு ஒரு பஞ்சுத் துண்டையும் தாம்பாளத்தில் வையுங்கள். சிந்தியதைத் துடைப்பதும் அந்த வேலையில் சேர்ந்தது, அது தண்டனை இல்லை. துடைக்கும் விதத்தையும் முதல் நாளே செய்து காட்டிவிடுங்கள். வேண்டுமென்றே கவிழ்த்தால் திட்டாமல் தாம்பாளத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, குளியலறையில் ஒரு வாளியும் சொம்பும் கொடுங்கள். அன்றைக்கு அவளுக்கு வேண்டியது நீர் விளையாட்டு. மறுநாள் தாம்பாளம் மறுபடி வரலாம்.

கடைகளிலும் இணையத்திலும் மாண்டிசோரி செட் என்று பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்க வேண்டுமா?
– நாகர்கோவில் வாசகர்

மூன்று வயதுக்குள் வீட்டுக்கு இப்படிச் செட் எதுவும் வாங்க வேண்டியதில்லை. அவற்றில் வரும் இளஞ்சிவப்புக் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 1 செ.மீ.யிலிருந்து 10 செ.மீ. வரை பத்துக் கனசதுரங்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே வழவழப்பு, அளவு மட்டும் மாறும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வித்தியாசம் கண்ணில் படவேண்டும் என்பதுதான் அதன் உயிர். கட்டைக்குக் கட்டை வேறு நிறம் பூசி விற்பது பார்க்க அழகு, ஆனால் குழந்தை நிறத்தைப் பார்த்து அடுக்கிவிடும், அளவைக் கவனிக்காது.

சமையலறையில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் டப்பாக்கள் இருக்குமே, ஐந்தை மூடியோடு கொடுங்கள். தவறான மூடி பொருந்தாது, யாரும் “தப்பு” என்று சொல்ல வேண்டியிருக்காது. தவறைப் பொருளே காட்டிக்கொடுக்க வேண்டும்.

எண்ணுவதற்கு 45 ஐஸ்க்ரீம் குச்சிகள் போதும், நான்கு வயதையொட்டித் தொடங்கலாம். பெட்டியில் பத்து அறைகள் தடுத்து 0 முதல் 9 வரை எழுதுங்கள். ஒன்றில் ஒரு குச்சி, இரண்டில் இரண்டு என்று போட்டு வந்தால், ஒன்பதில் கடைசிக் குச்சியோடு கை காலியாக வேண்டும். நடுவில் எங்கோ ஒன்று கூடியிருந்தால் ஒன்பதுக்கு வரும்போது ஒன்று குறையும், அவனே திரும்பிப் போய்த் தேடுவான். பூஜ்ய அறை வெறுமையாகவே இருக்கும். “ஒன்றுமில்லை” என்பதற்கும் ஓர் எண் உண்டு என்று கண் முன்னே தெரிகிற இடம் அது. ஒரு குச்சி தொலைந்தாலும் கணக்கு பொய்யாகிவிடும், எனவே வாரம் ஒருமுறை நீங்கள் எண்ணிப் பாருங்கள்.

மகனுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. மணல் காகித எழுத்துகளைத் தமிழில் செய்ய முடியுமா? 247 எழுத்துகள் என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.
– தஞ்சாவூர் வாசகி

முடியும். மணல் காகிதத்தில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, குழந்தை விரலால் தடவிப் பழகுவதுதானே இது. 247 அட்டை வேண்டாம். உயிர் 12, அகர வரிசை 18, பிறகு புள்ளி, துணைக்கால், கொம்புகள் போன்ற குறிகளைத் தனித்தனி அட்டைகளாகச் செய்யலாம். உகர, ஊகார வரிசைகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் (கு, சு, டு, மு) அவற்றுக்குத் தனி அட்டை தேவை. அவை கடைசியில் வரட்டும்.

சுமார் 15 செ.மீ. உயர அட்டையில் எழுத்து 8 செ.மீ. அளவில், கோட்டின் அகலம் ஏறக்குறைய 1 செ.மீ. உயிருக்கு நீல அட்டை, மெய்க்கு இளஞ்சிவப்பு. மணல் காகிதம் நைசாக இருக்கட்டும். முரடாக இருந்தால் விரல் எரிந்து, குழந்தை இரண்டாம் முறை தொடாது. காகிதத்தின் பின்பக்கம் வரைந்துதான் வெட்டுவோம், ஆகவே எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரையுங்கள். ‘ப’வுக்கு எப்படி வரைந்தாலும் ஒன்றுதான், ‘ட’வில்தான் ஏமாந்துபோவோம். இடது ஓரத்தில் மூன்று விரல் இடம் விட்டு ஒட்டுங்கள், குழந்தை அட்டையை அங்கே பிடித்துக்கொள்ளும்.

அகரத்தில் தொடங்கத் தேவையில்லை. ‘அ’ சுழித்து வளைந்து வருவது. நேர்கோடான ட, ப எளிது, அடுத்து ம. மூன்றும் கைக்கு வந்தால், புள்ளி அட்டையை ‘ம’ மேல் வைத்ததும் ‘படம்’ பிறந்துவிடும். ‘டானா’, ‘மானா’ என்று பெயர் சொல்லித் தராதீர்கள், ஒலியை மட்டும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படத்தை ‘பானா டானா இம்மன்னா’ என்றுதான் கூட்டுவான். துணைக்கால் வலப்பக்கம் நிற்பதால் ‘மா’ சட்டென்று புரியும். கொம்பு இடப்பக்கம் நின்றுகொண்டு பின்னால் ஒலிப்பது, அதைச் சில மாதம் தள்ளிப்போடுங்கள்.

தடவும் முன் கையை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்தால் விரல்நுனியின் தொடு உணர்வு கூர்மையாகும். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து, எழுதும் திசையிலேயே மெதுவாகப் போகட்டும். தடவி முடித்ததும் ஒலி.

ஒரு தடவைக்கு இரண்டு எழுத்து, ஒலியிலும் வடிவிலும் நன்றாக வேறுபட்டவை. முதலில் “இது ட, இது ம.” அடுத்து “ம எங்கே? ட-வை என் கையில் கொடு, ம-வை ஜன்னலோரம் வை.” இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கடைசியாக “இது என்ன?” பதில் வரவில்லை என்றால் திருத்தாமல் மூடி வைத்துவிட்டு, இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலானோர் நடுப்படியை விட்டுவிட்டு நேரே கேள்விக்குத் தாவுகிறார்கள். அது பாடமாக இல்லாமல் பரீட்சையாகிவிடுகிறது.

பென்சிலுக்கு அவசரம் வேண்டாம். கீரை ஆய்வதும், கோலமாவைக் கிள்ளி எடுத்துக் கோடு இழுப்பதும் பென்சில் பிடிக்கும் அதே விரல்களைத்தான் பழக்குகின்றன.

பள்ளிக்கூடப் பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்று இருக்கிறது. உள்ளே உண்மையாகவே அந்த முறைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– சென்னை வாசகர்

அந்தப் பெயர் யாருக்கும் தனி உரிமை இல்லை, யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதலாம். எனவே அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரே அறையில் கலந்திருக்க வேண்டும். குழந்தை எட்டும் உயரத்தில் திறந்த அலமாரியும், ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றும் இருக்க வேண்டும். காலையில் மூன்று மணி நேரம் அளவுக்கு மணி அடிக்காத வேலை நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். முப்பது பேரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தை எழுதுகிறார்கள் என்றால், கண்ணாடி அலமாரியில் எத்தனை கட்டைகள் அடுக்கியிருந்தாலும் அது வேறு பள்ளி.

சென்னையில் இதைத் தேடிப் பார்க்க உங்களுக்குக் கூடுதல் உரிமை உண்டு. இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939-இல் வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தியது அடையாறில்தான். போர் மூண்டதால் இத்தாலியரான அவர் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், அதில் சில ஆண்டுகள் கொடைக்கானலில்.

பேரன் எல்லாவற்றையும் இடது கையால் செய்கிறான். மாற்றிப் பழக்கலாமா?
– மதுரை, ஒரு தாத்தா

மாற்ற வேண்டாம் ஐயா. அவனுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்து, நீங்களும் இடது கையால் செய்து காட்டுங்கள். நிறைந்த ஜாடியை இடப்பக்கம் வையுங்கள், எழுத்து அட்டையில் பிடிக்கும் ஓரத்தை வலப்பக்கம் விடுங்கள். வெட்டிப் பழக இடக்கைக் கத்தரிக்கோல் தனியாகக் கிடைக்கிறது. சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் அலகுகள் விலகிக் காகிதம் மடங்குமே தவிர வெட்டுப்படாது.